இடிந்த கோயிலில் ஒதுங்கியவள்

வேர்க்காட்டுச் சந்தியாகப்பர் மேல் சத்தியம், இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது.

கடலாடியிலிருந்து போன ஆடியில் சுற்றிப்பார்க்க வந்த நாகநாதனையும் அவர் மனைவி பூங்கோதையையும் வேதமுத்து தன் ஆட்டோவில் ஏற்றி, ராமர் பாதம் காட்டி, மிதக்கும் கல் காட்டி, தனுஷ்கோடிக்குக் கொண்டுவந்தான். ஆண்கள் இருவரும் டீக்கடையில் நிற்க, பழைய புயலில் இடிந்த மாதா கோயிலைப் பார்க்கப் பூங்கோதை மட்டும் போனாள். சற்று நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. எதிரே நிற்கிற ஆள் தெரியாத மழை. வெகு நேரமாகியும் அவள் வரவில்லை.

"கடல் பக்கம் போயிட்டாளோ? அவளுக்கு நீச்சலே தெரியாதுப்பா!" நாகநாதன் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"பதறாதீகண்ணே. வாங்க, பாப்போம்."

இருவரும் நனைந்தபடி கரையெல்லாம் தேடினார்கள். கடைசியில் கோயிலுக்குள் எட்டிப்பார்த்தார்கள். கூரை போய்ச் சுவர்கள் மட்டும் நிற்கும் அந்த இடத்தின் நடுவில், பூங்கோதை சம்மணமிட்டு உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். சேலையில் ஒரு பொட்டு ஈரமில்லை. முறுக்கும் நமுத்துப்போகவில்லை.

"என்ன, ரெண்டு பேரும் கடல்ல விழுந்து எந்திரிச்ச மாதிரி வாரீக?"

"அடியே, மழை கொட்டுதுடி!"

"தெரியுமே. ஓட்டு மேல சத்தம் கேட்டுச்சு. விடட்டும்னு இருந்தேன்."

வேதமுத்து மேலே பார்த்தான். மழை அவன் கண்ணிலேயே விழுந்தது. பூங்கோதை புருஷனைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்து, முந்தானையால் தலையைத் துவட்டிவிட்டாள்.

தீவில் யாரைக் கேட்டாலும், அந்த ஆடி முழுக்க ஒரு துளி மழை பெய்யவில்லை என்றுதான் சொல்வார்கள்.