பூவம் தாண்டினால்

கணவன் சுப்பையனின் வேட்டிகளைப் பெட்டியில் மடித்து வைத்தாள் அஞ்சுகம்.

"எல்லையில பூவத்தைத் தாண்டிட்டா தமிழ்நாடு, அங்க மதுவிலக்கு. ஆஸ்பத்திரியில ஒரு மாசம் கெடந்தா மாப்பிள்ளை குடியை மறந்துடுவாரு" என்றார், துணைக்குப் போகும் அவளுடைய அண்ணன் சிதம்பரநாதன்.

"வழியில எங்கயும் எறங்க விட்டுடாதீங்கண்ணே."

"ஒரு சொட்டு தொட்டவனா நான்? கவலைப்படாத."

மறுநாள் சுப்பையன் மட்டும் வெறுங்கையோடு வந்து நின்றான்.

"தப்பிச்சு வந்துட்டீங்களா? அண்ணன் எங்க?"

"பூவத்துல, இதான் கடைசி சாராயக்கடைன்னு ஒங்க அண்ணன்தான் எறக்குனாரு. நான் ஒரு கிளாஸோட எழுந்துட்டேன். அவரைத் தூக்கிக்கிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் என்னையப் பார்த்து, 'சேத்துக்கிட்டோம், துணைக்கு வந்தவரு கெளம்பலாம்'னுட்டாரு."

"பெட்டி எங்க?"

"அவருக்கு மாத்திக் கட்ட வேட்டி வேணாமா?"