மூடிய கேட்

ரயில்வே கேட் மூடிக் கிடக்கிறது. ‘ரயில் இணைப்பு’ என்று பலகை மாட்டிய பேருந்துக்குள் நீலவ்வா துணிமூட்டையோடு நிற்கிறாள். ஹூப்ளி ஆஸ்பத்திரியில் மகளுக்குப் பிரசவ வலி. இன்றைக்கு இது ஒன்றுதான் ரயில். கேட்டுக்கு அப்பால், மஞ்சள் வெயில் படிந்த நடைமேடையில் அது வந்து நிற்கிறது.

“கதவைத் திறப்பா, கேட்டுக்கு அடியில குனிஞ்சு ஓடிடறேன்.”

“எப்படிக்கா? கரும்பு டிராக்டர் கதவோட ஒட்டி நிக்குதே,” என்கிறார் நடத்துநர்.

“கேட்டையாவது திறக்கச் சொல்லேன்!”

“நல்லா கேட்ட போ! ரயில் கிளம்பிப் போனாத்தானே திறப்பான்?” என்று பின்னிருக்கைக்காரர் சிரிக்கிறார்.

ரயில் ஊதுகிறது. பெட்டிகள் ஒவ்வொன்றாகப் பேருந்தின் முன்னே நகர்கின்றன. நீலவ்வா ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டி, நிறுத்தச் சொல்லி வெறிகொண்டு வீசுகிறாள். கடைசிப் பெட்டியில் நிற்கும் கார்டு அதைப் பார்க்கிறார். முகமலர்ந்து, தாமும் கையசைக்கிறார்.