நனையாத ஷூக்கள்

பெரில் தன் மகளின் பள்ளி ஷூவில் தண்ணீர் புகாமலிருக்க ஆட்டுக்கொழுப்பை அழுத்தித் தேய்த்தாள். மழை வரும் போலிருந்தது. ஜேனிஸ் பள்ளிக்கூடம் வரை நடக்க வேண்டும். நெஞ்சுச் சளி வேறு.

தினமும் மகளை அனுப்பிவிட்டு ஜன்னல் பக்கம் வந்தால், எதிர்வீட்டு வாசலில் பள்ளி பஸ் வந்து நிற்கும். தெல்மாவின் மகள் லின் நோகாமல் ஏறிக்கொள்வாள். பெரிலுக்கு வயிறு எரியும்.

போன ஏப்ரல் வரைக்கும் இரண்டு வீடும் ஒரே மாவட்டம், யார்க்‌ஷயர்தான். இரண்டு பிள்ளைகளும் ஒரே பஸ்ஸில்தான் போனார்கள். அப்புறம் அரசாங்கம் மாவட்ட எல்லைகளை மாற்றிப் போட்டது. புதுக்கோடு நடுத்தெருவோடு ஓடியது. பெரிலின் பக்கம் லங்காஷயர் ஆகிவிட்டது. பள்ளிக்கூடம் மாறவில்லை. ஆனால் யார்க்‌ஷயர் பஸ் லங்காஷயர் பிள்ளையை ஏற்றாதாம்.

"கட்டிலைக்கூட நகர்த்தாம மாவட்டம் மாறிட்டோம்" என்று அவள் புருஷன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தெல்மாவோடு பேச்சையே நிறுத்திவிட்டாள். தெல்மா கையசைத்தால், கொடியில் துணி காய்கிறதா என்று பார்ப்பது போலத் திரும்பிக்கொள்வாள்.

ஒரே ஒரு ஆறுதல். எவ்வளவு மழை பெய்தாலும் ஜேனிஸின் ஷூ மட்டும் நனையாது. எல்லாம் தன் கைப்பக்குவம் என்று நினைத்துக்கொள்வாள்.

போன வாரம் பஸ் அலுவலகத்து ஆள் ஒருவர் வழி கேட்டு வாசலில் நின்றார். நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள், அன்றைக்குத் திறந்துவிட்டாள். தெல்மாவின் நிலக்கரிக் கொட்டகை தெருவுக்கு இந்தப் பக்கம், லங்காஷயரில்தானே இருக்கிறது, அவளுக்கு மட்டும் எப்படி பஸ் வருகிறது என்று கேட்டாள்.

"நானே ஒருநாள் ஏறிப் பாக்கறேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இன்று மழை கொட்டித் தீர்த்தது. சாயங்காலம் ஜேனிஸ் சொட்டச் சொட்ட வந்து நின்றாள். பல் கிட்டியது. ஷூவைக் கவிழ்த்தால் தண்ணீர் கொட்டியது.

அவளைத் துவட்டிப் படுக்கவைத்துவிட்டு, ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கதவு தட்டும் சத்தம் கேட்டது. தெல்மா. கையில் லின்னுடைய ரப்பர் பூட்ஸும் மழைக்கோட்டும்.

"பிள்ளைக்கு எப்படி இருக்கு? கோவிச்சுக்காத பெரில். டிரைவர்கிட்ட நான்தான் சொல்லி வச்சிருந்தேன். சர்ச் வளைவு தாண்டினதும் தினமும் ஜேனிஸை ஏத்திக்குவாரு, சாயங்காலம் அங்கயே இறக்கிவிடுவாரு. தெரிஞ்சா நீ வேணாம்பே. அதான் உங்கிட்ட சொல்லாதேன்னு ஜேனிஸ்கிட்ட சொல்லியிருந்தேன். இன்னிக்கு எவனோ ஆபீஸ்காரன் பஸ்ல இருந்தானாம். லின்னை ஒண்ணும் சொல்லல. வளைவுல நின்ன இவளைத்தான் ஏத்தவிடல. திரும்பி வரப்பவும் அப்படித்தான்."

பெரிலின் கை அப்படியே நின்றது.

"எந்தப் புண்ணியவதி போட்டுக்கொடுத்தாளோ. போகட்டும் விடு. லின்னும் நாளையிலேருந்து பஸ் வேணாங்கறா. இவகூடவே நடக்கறாளாம்."

பெரிலால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஈர ஷூவைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னாள்.

"தெல்மா, அந்த ஆள்கிட்ட சொன்னது..."

உள்ளேயிருந்து இருமலோடு ஜேனிஸ் "அம்மா" என்று கூப்பிட்டாள்.

"போ கண்ணு, பிள்ளையைப் பாரு முதல்ல" என்று அவள் கையிலிருந்த ஷூவை வாங்கித் துடைக்க ஆரம்பித்தாள் தெல்மா.