பூஞ்சணம் பிடித்த கசெட்

“கசெட்ல பூஞ்சணம் பிடிச்சிருச்சு தம்பி. ஓடாது.”

தனபாலன் சொன்னதைக் கேட்டு முத்துலிங்கத்துக்கு முகம் சிவந்துவிட்டது.

“என்னண்ணே நீங்க! முப்பது வருசமா கேக்கிறோம். ஒருநாள் டெக் ரிப்பேர்ங்கிறீங்க, ஒருநாள் அலுமாரிச் சாவியைக் காணோம்ங்கிறீங்க. இப்ப பூஞ்சணமா?”

“மழை ஊரு தம்பி. என்ன செய்யிறது?”

“கொடுங்க, கொழும்புல கிளீன் பண்ணிக்கலாம்.”

“வேணாம். அது போனது போனதுதான்.”

முத்துலிங்கம் கண்டி மஹய்யாவ கலை மன்றத்தின் செயலாளர். நடிகர் சுந்தரலிங்கத்துக்கு எழுபது வயது நிறைகிறது, ஞாயிற்றுக்கிழமை பாராட்டு விழா. விழாவில் அந்தக் கசெட்டில் இருக்கும் அவருடைய பழைய படத்தைப் போட்டே தீருவது என்று ஒற்றைக்காலில் நின்றவர், விறுவிறுவென்று கடையை விட்டு இறங்கினார். போகிற போக்கில் தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்:

“அந்த வேஷம் தனக்குக் கிடைக்கலன்னு இன்னும் வயித்தெரிச்சல் தீரல!”

கடைக்குள் நின்ற தனபாலனின் மகள் சந்திரிகாவுக்கு உடம்பு கூசிப்போனது.

வேஷம் கிடைக்காத கதை என்னவோ உண்மைதான். எழுபத்து நான்கில் படக்காரர்கள் கண்டிக்கு வந்து உள்ளூர் நடிகர்களைத் தேடியபோது, நாடக நண்பர்கள் இருவரும் சேர்ந்தே போய் நின்றார்கள். கதாநாயகனின் அண்ணன் வேஷம் சுந்தரலிங்கத்துக்குப் போனது. தனபாலன் பிற்பாடு கசெட் கடை வைத்தார். இப்போது அது போட்டோக்கொப்பிக் கடை.

ஹந்தானையில் நாலு நாள் படப்பிடிப்பு. அதெல்லாம் ஒரு காலம்! மஹய்யாவவே சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு மலையேறியது. மாநகரசபையில் வேலை பார்த்த ஊர்க்காரர்களில் பாதிப் பேர் லீவு. தேயிலைச் செடிகளுக்கு நடுவில் நின்று, தோட்டத் துரை வேஷம் போட்டவரைப் பார்த்துச் சுந்தரலிங்கம் பேசினார்:

“நாங்க நட்ட தேயிலைக்கு இந்த மண்ணுல வேர் இருக்கு தொரை. நட்ட எங்களுக்கு இல்லையா?”

கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு அழுதார்கள். ‘கட்’ சொல்ல வேண்டியவர் சொல்ல மறந்துவிட்டார்.

படம் கொழும்பில் ஒரே தியேட்டரில் ஏழு நாள் ஓடியது. கண்டிக்கு வரவே இல்லை. எண்பத்து மூன்று கலவரத்தில் பிரதியும் எரிந்து போனது. தயாரிப்பாளர் முன்னமே எடுத்து வைத்திருந்த ஒரு வீடியோ கசெட் மட்டும் தப்பிச் சுந்தரலிங்கத்தின் கைக்கு வர, அவர் அதைத் தனபாலனிடம் கொடுத்து வைத்தார். ஆக, அவர்கள் இருவரைத் தவிர மஹய்யாவவில் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. ஆனால் படப்பிடிப்பைப் பார்த்தவர்கள் எல்லாரும் படத்தையே பார்த்த மாதிரிதான் பேசுவார்கள்.

சுந்தரலிங்கம் பிறகும் நடித்தார். தொலைக்காட்சி வந்ததும் சிங்களத் தொடர்களில் தேத்தண்ணிக் கடைக்காரர், கணக்கப்பிள்ளை, தபால்காரர். எதிலும் இரண்டு வரி, மிஞ்சினால் மூன்று. பஸ்ஸில் சிங்களப் பிள்ளைகள்கூட அடையாளம் கண்டு எழுந்து இடம் கொடுப்பார்கள். ஆனாலும் கல்யாண வீடுகளில் ஊர் கேட்பது ஹந்தானை வசனத்தைத்தான். அதைப் பேசும்போது மட்டும் அவருக்கு வயது முப்பத்திரண்டாகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. சுந்தரலிங்கம் மாலையோடு மைக்கைப் பிடித்தார்.

“என் சிநேகிதன் தனபாலனை நம்பி என் படத்தைக் கொடுத்து வச்சேன். பாவி, அதைப் பூஞ்சணத்துக்குச் சாப்பாடு போட்டுட்டான்!”

சபை விழுந்து விழுந்து சிரித்தது. முன்வரிசையில் இருந்த தனபாலன் தலையைக் குனிந்துகொண்டார்.

“போகட்டும். படம் இல்லாட்டி என்ன, நான் இருக்கேனே!”

முத்துலிங்கத்தைத் துரையாக எதிரே நிறுத்தி வைத்து அந்த வசனத்தைப் பேசினார். கடைசி வரியை மண்டபமே கூடச் சேர்ந்து சொன்னது. எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். சந்திரிகா மட்டும் எழும்பவில்லை. அத்தனை பேருக்கு முன்னால் அப்பாவுக்கு இந்த அவமானம் தேவையா?

மறுநாள் காலை, தானே கொழும்புக்குக் கொண்டுபோய்ச் சுத்தம் செய்துவிடுவது என்று அலுமாரியைத் திறந்து கசெட்டை எடுத்தாள். பொலித்தீனில் சுற்றி, பூச்சி உருண்டை போட்டுக் கட்டியிருந்தது. பிரித்துப் பார்த்தாள். பூஞ்சணம் ஒரு பொட்டுக்கூட இல்லை.

பழைய டெக்கில் போட்டாள். படம் அழகாக ஓடியது. ஹந்தானை வந்தது. கொழுந்தெடுக்கும் பெண்கள் வந்தார்கள். துரை வந்தார், போனார். கதாநாயகனுக்குக் கல்யாணம் ஆனது. சுபம் போட்டார்கள்.

சுந்தரலிங்கம் ஒரு இடத்திலும் வரவில்லை.

“வெட்டிட்டாங்கம்மா.”

பின்னால் தனபாலன் நின்றுகொண்டிருந்தார்.

“இந்தியப் படத்துக்கு மூணு காட்சி, நம்ம படத்துக்குக் காலைக்காட்சி மட்டும்னுதான் தியேட்டர் கிடைச்சிச்சு. நேரத்துக்குள்ள முடிக்கணும்னு மூணு ரீலைத் தூக்கிட்டாங்க. அவன் வந்தது அத்தனையும் அதோட போயிருச்சு.”

“சுந்தரம் மாமாவுக்கு இது தெரியாதாப்பா?”

“தெரியாம என்ன? முதல் நாளே நாங்க ரெண்டு பேரும் கொழும்புக்குப் போய்ப் பார்த்தோம். அன்னைக்கே கோச்சி ஏறித் திரும்பி வந்தோம். இங்க ஸ்டேசன்ல பார்த்தா, ஊரே மாலையோட நிக்குது. படம் எப்படின்னு கேக்குது. அவன் என்னைப் பார்த்தான். நான் முந்திக்கிட்டு, ‘சுந்தரம் எல்லாரையும் அழ வச்சிட்டான்’னு சொல்லிட்டேன்.”

சந்திரிகாவுக்கு விஷயம் புரிந்தது; டெக்கிலிருந்து கசெட்டை எடுத்தாள். ஆனாலும் கோபம் போகவில்லை.

“அதுக்காக, மேடையில வச்சு உங்களை அப்படி ஏசணுமா?”

தனபாலன் கசெட்டை வாங்கி, பழையபடி பொலித்தீனில் சுற்ற ஆரம்பித்தார்.

“அவன் ஏசணும், நான் தலையைக் குனியணும். ஸ்டேசன்ல இறங்கின அன்னையில இருந்து ரெண்டு பேரும் சேர்ந்துதானம்மா நடிக்கிறோம். நேத்து நல்லாத்தானே செஞ்சோம்?”