மாத்திரைக்கு முன், மாத்திரைக்குப் பின்

டீச்சரம்மா அந்த மாத்திரையில் ஒன்றைக்கூட விழுங்கியதில்லை. ஆனாலும் அதைச் சாப்பிட்டு இளமை திரும்பியவராகக் காமிரா முன்னால் உட்கார்ந்திருந்தார்.

போட்டோக்காரருக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. காலமெல்லாம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, ரிட்டயர் ஆன பிறகு ஊரை ஏமாற்றக் கிளம்ப வேண்டுமா என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே விளக்கு ஸ்டாண்டை நகர்த்தினார். அந்தப் பொய்க்கு விளக்குப் பிடிப்பதே தான்தான் என்பது அவருக்கு உறைக்கவில்லை.

உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் போய் முதுமையைத் தடுத்து நிறுத்தும் மாத்திரையாம். விளம்பரத்துக்கு இரண்டு படம் வேண்டும், சாப்பிடும் முன் ஒன்று, சாப்பிட்ட பின் ஒன்று. இரண்டையும் ஒரே மத்தியானத்தில் எடுத்துவிடுவதுதான் தொழில் வழக்கம்.

'முன்' படத்துக்குத் தலைமுடியைக் கலைத்துவிட்டு, உச்சியிலிருந்து வெளிச்சம் போட்டார். கண்ணுக்குக் கீழே பை தொங்கியது, கன்னம் ஒட்டிக்கொண்டது. 'பின்' படத்துக்கு முடிக்குச் சாயம், முகத்துக்குப் பூச்சு, மூக்குக் கண்ணாடிக்கு லீவு. மிச்சமிருந்த சுருக்கங்களைக் கம்ப்யூட்டர் கவனித்துக்கொண்டது.

எல்லாம் முடிந்து கிளம்பும்போது டீச்சரம்மா வாசலில் தயங்கி நின்றார்.

"தம்பி, எனக்கு ஒரு படம் செல்போன்ல அனுப்ப முடியுமா?"

ஆசை யாரைத்தான் விட்டது என்று நினைத்தபடி அவர் 'பின்' படத்தைத் தேடினார்.

"அது வேண்டாம். அந்த அழுமூஞ்சிப் படம்."

"அது எதுக்கும்மா? பார்த்தா மாசக்கணக்குல படுக்கையில கிடந்த மாதிரி இருக்கு."

"அதனாலதான் கேக்கறேன்."

ஒரே மகன், கடல் தாண்டி வேலை. வந்து போய் வருஷக்கணக்காகிவிட்டது. வாரம் ஒருமுறை போனில் முகத்தைப் பார்ப்பான், நல்லாத்தானே இருக்கீங்க என்பான், வைத்துவிடுவான்.

"இதைப் பார்த்தா ஒரு எட்டு வந்துட்டுப் போவான் தம்பி. மாத்திரைக்கு முன்னாடின்னு சீக்காளி மாதிரி ஒரு படம் எடுப்போம்னு கம்பெனியில சொன்னாங்க. அதுக்காகத்தான் இதுக்கே ஒத்துக்கிட்டேன்."

போட்டோக்காரருக்குச் சுருக்கென்றது. கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, கண்ணுக்குக் கீழே இன்னும் கொஞ்சம் கறுப்பைச் சேர்த்துத்தான் அனுப்பினார். அன்று செய்த வேலையில் அது மட்டும் அவருக்குப் பொய்யாகத் தோன்றவில்லை.

கம்பெனி 'முன்' படத்தை வேண்டாமென்று ஒதுக்கிவிட்டது. வாங்க வருகிறவர்கள் மிரண்டுவிடுவார்களாம். 'பின்' படம் மட்டும் மாத்திரைப் பெட்டியின் மேல் ஏறி ஊர் ஊராகப் போனது.

அதற்கப்புறம் ஒருநாள் டீச்சரம்மா மறுபடி ஸ்டுடியோவுக்கு வந்தார். கையில் ஒரு பார்சல்.

போட்டோக்காரர் ஆவலோடு எழுந்தார். "பையன் வந்தாரா?"

"வரல. இது வந்தது."

பிரித்த பார்சலுக்குள் அதே மாத்திரை. பெட்டியின் மேல் அவர் எடுத்த அதே படத்தில் டீச்சரம்மா சிரித்துக்கொண்டிருந்தார். போட்டோக்காரர் பெட்டியையும் எதிரில் நின்றவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

டீச்சரம்மா செல்போனை நீட்டினார். "கூடவே இதுவும் அனுப்பியிருக்கான். கொஞ்சம் சத்தமாப் படிங்க தம்பி. நான் சரியாத்தான் படிச்சேனான்னு தெரியணும்."

போட்டோக்காரர் படித்தார்.

"அம்மா, போட்டோ பார்த்து பயந்துட்டேன். இப்போதைக்கு லீவு கிடைக்காது, அதான் நல்ல மாத்திரையா பார்த்து அனுப்பியிருக்கேன். பெட்டி மேல சிரிக்கிற அந்தம்மாவைப் பாருங்க, அவங்களுக்கும் உங்க வயசுதானாம். ஒழுங்கா சாப்பிட்டா நீங்களும் அவங்கள மாதிரி ஆயிடுவீங்க."