வெள்ளிக்கிழமை திரும்பும் ஃபோல்டர்

"நீதான் மறைச்சு வைக்கிறே லின், எனக்குத் தெரியும்."

"டேய் டேரில், கராஜ் சாவியே உன்கிட்டதான்டா இருக்கு!"

"அப்போ செத்துப்போன அப்பா வந்து பண்றாரா?"

இருவரும் சிரித்தோம். சீக்கிரமே நிறுத்திக்கொண்டோம்.

ஆஸ்திரேலியாவில், ஜீலாங் நகரில் இருக்கும் அப்பாவின் வீட்டை விற்பதற்காக நானும் தம்பியும் காலி செய்துகொண்டிருக்கிறோம். கராஜில் எங்கள் பழைய கணினி இருக்கிறது. நாங்கள் பள்ளியில் படித்தபோது, வாரநாளில் விளையாடக் கூடாதென்று ஞாயிறு இரவு அப்பா விளையாட்டு ஃபோல்டரின் 'பண்புகள்' பெட்டியைத் திறந்து, 'மறை' என்ற கட்டத்தில் டிக் போடுவார். ஃபோல்டர் திரையிலிருந்து போய்விடும். வெள்ளி மாலை மீனும் சிப்ஸும் வாங்கிவந்து, வினிகர் மணக்கும் விரலால் டிக்கை எடுப்பார்.

இப்போது அந்த டிக் ஞாயிறு இரவு தானாக விழுகிறது, வெள்ளியன்று தானாகப் போகிறது. வாரம் முழுக்க ஒயரைப் பிடுங்கி வைத்தும் பார்த்தோம். அப்போதும் அப்படித்தான்.

"நாளைக்கும் மறைஞ்சிருந்தா தூக்கித் தெருவுல வச்சிடுவேன், குப்பை லாரி எடுத்துட்டுப் போகட்டும்" என்றான் டேரில், போன ஞாயிறு.

திங்கள் காலை திறந்தோம். ஃபோல்டர் அங்கேயே இருந்தது.

"பாத்தியா, சரியாயிடுச்சு!" என்றான் டேரில்.

வெளியே பிள்ளைகள் சைக்கிளில் கத்திக்கொண்டு போனார்கள். பள்ளி விடுமுறை தொடங்கியிருந்தது. விடுமுறையில் அப்பா டிக் போடவே மாட்டார்.

டேரில் மவுஸை மோந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினான்.

அடுத்த மாதம் வீடு கைமாறுகிறது. கணினியை என் வீட்டுக்குக் கொண்டுபோனால் அவரும் வருவாரா? உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் தயவுசெய்து கீழே எழுதுங்கள்.