எஸ்தரின் குடல்வால்

பழுப்பு எங்குமே இல்லை.

அவன் ஸ்லைடை இடமிருந்து வலமாக நகர்த்தினான். மேலிருந்து கீழாக நகர்த்தினான். மைக்ரோஸ்கோப்புக்குள் வெளிறிய நீலம். அதைத் தாண்டினால் இன்னும் கொஞ்சம் வெளிறிய நீலம்.

ஒன்பது நாள் குழந்தை. இன்னும் பெயர் வைக்கவில்லை. ஸ்லைடின் ஓரத்தில் ஒட்டிய சீட்டில் ‘பேபி ஆஃப் செண்பகவல்லி’ என்றுதான் இருந்தது.

பிறந்ததிலிருந்து ஒழுங்காக வெளிக்குப் போகவில்லை. வயிறு உப்பிக் கிடந்தது. மலக்குடலிலிருந்து அரிசியளவு சதை கிள்ளி அனுப்பியிருந்தார்கள்.

அதில் நரம்பணு இருக்க வேண்டும். குடலைத் தள்ளு, தள்ளு என்று விரட்டுவது அதுதான். இருந்தால் பழுப்பாகத் தெரியும். கத்தி வேண்டாம். குடலைக் கழுவிவிட்டுக் காத்திருக்கலாம்.

இல்லையென்றால், மூன்று மணிக்கு வயிற்றில் துளையிட்டுக் குடலை வெளியே இழுத்துப் பை மாட்டுவார்கள். செண்பகவல்லி காலையிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

மணி பதினொன்று.

சாதாரணச் சாயத்தில் நேற்றே பார்த்தாயிற்று. பிறந்த குழந்தையின் நரம்பணு பொடிசு. மற்ற அணுக்களுக்குள் ஒளிந்துகொண்டு ஆட்டம் காட்டும். அதற்காகத்தான் இந்தப் பழுப்புச் சாயம். இது பொய் சொல்லாது என்று மாணவர்களிடம் அவன் அளந்துவிடுவது வழக்கம்.

ரிப்போர்ட் எழுதப் பேனாவைத் திறந்தான். ‘நரம்பணுக்கள்’ என்று எழுதினான்.

அப்போதுதான் பக்கத்துத் தட்டில் இருந்த இன்னொரு ஸ்லைடு கண்ணில் பட்டது.

கண்ட்ரோல். சாயம் பிடித்ததா என்று தெரிய, நரம்பணு நிச்சயமாக உள்ள ஒரு நல்ல குடலுக்கும் கூடவே சாயம் போடுவார்கள். அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அவசரத்தில் அவன் குழந்தையை முதலில் பார்த்துவிட்டான்.

இந்த லேபில் அந்த நல்ல குடல் எஸ்தருடையது. சாயம் போடுகிற அதே எஸ்தர்தான். இரண்டு வருடம் முன்பு வயிற்றுவலி என்று போனவளுக்குக் குடல்வாலை வெட்டி எடுத்தார்கள். பார்த்தால் அதில் ஒரு கோளாறும் இல்லை. வீணாய்ப் போச்சே என்று நொந்துகொண்டு லேபுக்கே எழுதிக் கொடுத்துவிட்டாள். மெழுகில் புதைத்த அந்தத் துண்டை அவளே சீவிச் சீவிப் பயன்படுத்துகிறாள்.

கண்ட்ரோலை வைத்தான்.

வெளிறிய நீலம்.

எஸ்தரின் குடலிலும் நரம்பணு இல்லையாம். காலையில் நான்கு இட்லி தின்றுவிட்டுத் தெம்பாக வேலைக்கு வந்திருக்கும் எஸ்தர்.

அவன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான். பயந்துவிட்டான், வேறென்ன.

எஸ்தரைக் கூப்பிட்டுக் காட்டினான். அவள் ஸ்லைடைப் பார்த்தாள். பிறகு மேசையிலிருந்த குப்பியைப் பார்த்தாள்.

பழுப்புச் சாயத்தை அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். ஓர் இரவு தாண்டினால் செத்துவிடும். நேற்றுக் கலந்ததில் கொஞ்சம் மிச்சமிருந்தது. கொட்ட மனம் வராமல் அதையே இன்றைக்கும் போட்டுவிட்டாள்.

 குப்பியைக் கழிவு டப்பாவில் கவிழ்த்தாள். மெழுகுக் கட்டிகளை எடுத்துப் புதிதாகச் சீவ உட்கார்ந்தாள். ஒன்று குழந்தையுடையது. ஒன்று அவளுடையது.

அவன் ஆபரேஷன் தியேட்டருக்குப் போன் போட்டு, ரிப்போர்ட் இரண்டரைக்கு என்றான். காரணத்தையும் மறைக்காமல் சொன்னான். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான்.

ஒரே ஒரு சொல் எழுதியிருந்த தாளைக் கிழித்தான். அடுத்த சொல் ‘இல்லை’ என்றுதான் இருந்திருக்கும்.

இரண்டு இருபது.

இந்தமுறை முதலில் எஸ்தர்.

அதோ, பழுப்பு. தசைகளுக்கு நடுவே கூட்டம் கூட்டமாக. எஸ்தர் நினைத்தே பார்க்காத நாளிலெல்லாம் எஸ்தருக்காக உழைத்தவை.

பிறகு குழந்தை.

நீலம்.

நீலம்.

நகர்த்தினான்.

ஒன்று. அதை ஒட்டி இரண்டு. அவற்றைச் சுற்றி மெல்லிய பழுப்பு நூல்கள்.

கருவில் கழுத்தருகே பிறக்கிற அணுக்கள் இவை. அங்கிருந்து குடலின் நீளம் முழுக்க ஊர்ந்து இறங்க வேண்டும். வழியில் நின்றுவிட்டால் அதுதான் நோய். பாடப் புத்தகத்தில் நாலே வரி. நூறு தடவை படித்திருக்கிறான்.

இவை கடைசிவரை வந்திருந்தன. இருட்டில், யாரும் வழிகாட்டாமல்.

அவனுக்குக் கும்பிட வேண்டும்போல் இருந்தது.

 எழுந்து நின்று, எஸ்தரை உட்காரச் சொல்லிக் கைகாட்டினான்.

எஸ்தர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தாள். வெகுநேரம் நிமிரவில்லை.

“இது என்னோடதுதான சார்?”

அவன் ஸ்லைடின் ஓரத்துச் சீட்டில், செண்பகவல்லியின் பெயர்மேல் விரலை வைத்தான்.